குனிஞ்சது குத்தமாய்யா?

ஒரு படம் சுத்துது. நீங்களும் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வரிசையா அஞ்சு தலை. முதல் தலை நேரா நிக்குது, கீழே 5 கிலோன்னு போட்டிருக்கு. அடுத்தது லேசா குனியுது, 12 கிலோ. அப்புறம் 18, அப்புறம் 22. கடைசித் தலை மொத்தமா செல்போனுக்குள்ள கவுந்து கிடக்கு, அதுக்குக் கீழே சிவப்பு எழுத்துல 27 கிலோ. கூடவே "உங்கள் கழுத்தில் ஒரு எட்டு வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது"ன்னு ஒரு மிரட்டல். குறைஞ்சது பத்து பேருக்கு அனுப்பச் சொல்லி வேண்டுகோள்.

எங்க குடும்ப வாட்ஸப் குழுமத்துல மட்டும் இது ஆறேழு தடவை வந்தாச்சு. அனுப்புறவர் அதை அனுப்பும்போது எத்தனை டிகிரி குனிஞ்சிருந்தார்னு நான் கேட்கலை :-)

இந்தப் பதிவு அந்தப் படத்தோட சண்டை போடத்தான். நான் டாக்டர் கிடையாது, பிசியோதெரபிஸ்டும் கிடையாது. ஆனா அந்தப் படத்தை நம்பி ஒரு ஆளை ஒரு வருஷம் வதைச்சதுல எனக்கும் பங்கு இருக்கு. அதனால எழுதுற உரிமை கொஞ்சம் இருக்குன்னு நினைக்கிறேன்.

எங்க அக்காவுக்கு அப்போ 51 வயசு. இடது தோள்ல வலின்னு ஆரம்பிச்சது. அவங்க பொண்ணு கல்யாணம் ஆகி பெங்களூருல இருக்கா. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, அடுப்படியைக் கழுவி விட்டுட்டு, அக்கா அவளோட வீடியோ கால்ல ஒரு மணி நேரம் பேசுவாங்க. நாள் முழுக்க அவங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

வலின்னு வாயைத் திறந்ததும் வீட்ல ஒரே பாட்டு. "எந்நேரமும் போனைக் கையில புடிச்சிக்கிட்டு இருந்தா வலிக்காம என்ன பண்ணும்?" இது மாமா. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் அதே போன்ல ரீல்ஸ் பார்க்கிற அவங்க பையனும் அதையே சொன்னான். தெருமுனை டாக்டர் தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "செல்போன் பார்ப்பீங்களா?"ன்னு கேட்டார். அக்கா ஆமான்னாங்க. முடிஞ்சது. வலி மாத்திரை, "போனைக் குறைச்சுக்கங்க", அடுத்த ஆள் வாங்க.

நான் என் பங்குக்கு அந்த அஞ்சு தலைப் படத்தை அனுப்பினேன். அதோட நிக்காம கூன் நிமிர்த்துற பெல்ட் ஒண்ணையும் ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தேன். தம்பி வாங்கிக் கொடுத்ததேன்னு அக்கா அதை மாட்டிக்கிட்டே சமைச்சாங்க. பொண்ணோட பேசறதை ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆக்கிக்கிட்டாங்க. வலி மட்டும் குறையலை.

மீதிக் கதை அப்புறம். முதல்ல அந்த 27 கிலோவைக் கவனிப்போம்.

*

அந்தக் கணக்கைப் போட்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ்ங்கிற முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். 2014ல வந்த கட்டுரை. நூறு பேரை உட்கார வெச்சு, கழுத்துல கருவி மாட்டி அளந்தாங்கன்னு நினைச்சுக்காதீங்க. கழுத்துக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி செஞ்சு, தலை இத்தனை டிகிரி சாய்ஞ்சா எவ்வளவு விசை வரும்னு போட்ட கணக்கு. அதுல நோயாளிகளே கிடையாது. யாருக்கு வலி வந்தது, யாருக்கு வரலைன்னு அது பார்க்கவும் இல்லை.

கணக்கு தப்புன்னு நான் சொல்ல வரலை. பள்ளிக்கூடத்துல படிச்ச நெம்புகோல் தத்துவம்தான் அது. பாரம் அச்சுல இருந்து தள்ளிப் போகப் போக, அதைப் பிடிச்சு நிறுத்துற தசை அதிகமா இழுக்கணும். சரி, அதே தத்துவத்தை முழங்கைக்குப் போட்டுப் பாருங்க. 5 கிலோ அரிசிப் பையைக் கையில பிடிச்சு, முழங்கையை மடக்கி நிக்கறீங்க. பை இருக்கிற உள்ளங்கை, முழங்கை மூட்டுல இருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கு. அதைத் தூக்குற தசை மூட்டுல இருந்து 4, 5 செ.மீ. தூரத்துலயே ஒட்டியிருக்கு. அப்படின்னா தசை ஏழு எட்டு மடங்கு இழுக்கணும். 35 கிலோவுக்கும் மேல! ரேஷன் கடையில அரிசி வாங்கிட்டு வர்ற ஆயாவுக்கு "உங்கள் முழங்கையில் ஒரு பத்து வயதுப் பையன் தொங்குகிறான்"னு யாராவது படம் போட்டு அனுப்பறாங்களா? பாரம் தாங்கறதுதான் தசையோட வேலை. விசை அதிகம்ங்கிறது ஒரு சேதி. அதனால காயம் ஆகுதாங்கிறது வேற சேதி. அந்தப் படம் முதல் சேதியைச் சொல்லி ரெண்டாவதை நம்ம தலையில கட்டிடுது.

இன்னொரு கூத்து 2019ல நடந்தது. "செல்போன் பார்க்கிற இளைஞர்களுக்குப் பின்மண்டையில் கொம்பு முளைக்கிறது"ன்னு உலகம் முழுக்கச் செய்தி. நம்ம ஊர்லயும் பரபரப்பா ஓடுச்சு. அதுக்கு அடிப்படையா இருந்த 2018ஆம் வருஷ ஆய்வு, எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச்சு. யார் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாங்கன்னு அளக்கவே இல்லை. ஆய்வாளர்கள்ல ஒருத்தர் தோரணையைச் சரிசெய்யிற சாமான்கள் விற்கிறவர்ங்கிறதும் வெளியே வந்துச்சு. அதே வருஷம் அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போட்டாங்க. கொம்புச் செய்தியை ஃபார்வர்ட் பண்ணினவங்கள்ல எத்தனை பேர் திருத்தத்தை ஃபார்வர்ட் பண்ணினாங்க?

சரி, ஆட்களை வெச்சே யாராவது பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல 18லேர்ந்து 21 வயசு வரைக்கும் 150 பேரை எடுத்து, அவங்க போன் பார்க்கிற தோரணைக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு இருக்கான்னு தேடினாங்க. 2018ல வெளியான ஆய்வு. தொடர்பு கிடைக்கலை. அதுக்கு முன்னாடி, 2016ல வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒண்ணு. 17 வயசுப் பிள்ளைங்க 1,108 பேர் உட்கார்ற விதத்தைப் படம் எடுத்து நாலு வகையாப் பிரிச்சாங்க. கூன் போட்டு உட்கார்ற கூட்டத்துக்கும் நிமிர்ந்து உட்கார்ற கூட்டத்துக்கும் கழுத்து வலியில வித்தியாசம் தெரியலை. கூன் போட்டவங்ககிட்ட மனச்சோர்வுதான் கூடுதலா இருந்துச்சு. "நிமிர்ந்து உட்காரு"ன்னு பிள்ளை முதுகுல தட்டுறதுக்கு முன்னாடி, "என்னடா ஆச்சு?"ன்னு கேட்கலாம்னு எனக்குத் தோணுது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் வெச்சிடறேன், இல்லாட்டி பின்னூட்டத்துல பிச்சிடுவீங்க. 2019ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவங்க, வளர்ந்தவங்களைப் பொறுத்தவரை தலை முன்னால நீட்டியிருக்கிறதுக்கும் கழுத்து வலிக்கும் ஒரு தொடர்பு இருக்குன்னாங்க, சின்னப் பசங்களுக்கு அப்படித் தெரியலைன்னாங்க. சரி, இருக்கட்டும். ஆனா தலை நீண்டதால வலி வந்துச்சா, வலி வந்ததால தலை நீண்டுச்சான்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. பல்வலிக்காரன் கன்னத்துல கை வெச்சிருப்பான். கன்னத்துல கை வெச்சதாலயா பல்வலி வந்தது?

*

"அப்போ போன் உத்தமராசாவா?"ன்னு கேட்பீங்க. இல்லை. போனை மன்னிச்சு விடச் சொல்லலை. குற்றப் பத்திரிகையை மாத்தி எழுதச் சொல்றேன்.

பூ கட்டுறவங்க, பீடி சுத்துறவங்க, தறியில உட்கார்றவங்க, தையல் மெஷின்ல உட்கார்றவங்க எல்லாம் போன் வர்றதுக்கு முன்னாடியே நாள் முழுக்கக் குனிஞ்சவங்கதான். அவங்களுக்குத் தோள் வலிச்சது, இன்னமும் வலிக்குது. அவங்க கழுத்துக்கு யாரும் பேர் வைக்கலை, படம் போடலை. அவங்களுக்கும் நமக்கும் பொதுவா இருக்கிறது என்ன? குனியற கோணத்தை விடுங்க. மணிக்கணக்கா அசையாம இருக்கறது, அதுதான்.

ஸ்வீடன்காரர் ஒருத்தர், ஹேக்னு பேரு, 1991ல ஒரு கருத்து சொன்னார். லேசான வேலைக்குத் தசையில இருக்கிற எல்லா இழையும் எழுந்து வராது. சின்ன இழைகள் கொஞ்சம் மட்டும் எழுந்து வரும். வேலை தொடர்ந்தா அதே இழைகள்தான் விடாம உழைக்கணும், அதுங்கதான் கடைசியா ஓய்வெடுக்கும். அந்த ஊர்க் கதையில வர்ற சிண்ட்ரெல்லா பேரை அதுக்கு வெச்சாங்க. நம்ம வழக்கத்துல சொன்னா, முதல்ல எழுந்து கடைசியில படுக்கிற மூத்த மருமக. இது இன்னும் கருத்து அளவுல பேசப்படுறதுதான். ஆனா அசையாம ஒரு மணி நேரம் போனைப் பிடிச்சு உட்கார்ந்தா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல அந்த எரிச்சல் ஏன் வருதுன்னு யோசிக்க நல்ல வழி காட்டுது.

இப்போ நம்ம ஆளுங்க சொல்ற வைத்தியத்தைப் பாருங்க: "போனைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிங்க." ஐயா, ஒரு கையோட எடை உடம்பு எடையில சுமார் 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. போன் 200 கிராம். அந்த மூணு கிலோவை முட்டுக்கொடுக்காம அந்தரத்துல தூக்கிப் பிடிச்சு அரை மணி நேரம் படம் பார்த்தா தோள் என்னத்துக்கு ஆகும்? கழுத்தைக் காப்பாத்தறேன்னு தோளைப் பலி கொடுக்கற வேலை. முழங்கையை மேஜையிலயோ மடியில வெச்ச தலையணையிலயோ ஊன்றிக்கிட்டா போதும். கொஞ்சம் குனிஞ்சாலும் பரவாயில்லை. இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து ஒரு நடை நடங்க. தண்ணி குடிங்க, துணி மடிங்க, என்னவோ பண்ணுங்க.

அடுத்தது பெல்ட். நான் வாங்கிக் கொடுத்த பாவத்தைச் சுமந்துக்கிட்டே சொல்றேன். ரெண்டு பட்டை தோளைப் பின்னால இழுத்துப் பிடிக்குது. மாட்டியிருக்கிற வரைக்கும் கண்ணாடியில போலீஸ்காரர் மாதிரி தெரிவீங்க. கழட்டினா பழைய ஆள்தான். தோரணையை நிமிர்த்துற சட்டைகள் வலியைக் குறைக்குமான்னு 2019ல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க, போதுமான ஆதாரம் இல்லைன்னுதான் முடிச்சாங்க. அக்கா வீட்ல அந்த பெல்ட் இப்போ பரண்ல, பழைய ரேடியோவுக்குத் துணையா இருக்கு.

அதுக்கும் மேல ஒரு வார்த்தை இருக்கு: தேய்மானம். கழுத்து வலின்னு போனா ஸ்கேன். ஸ்கேன்ல "கழுத்தெலும்பு தேய்ஞ்சிருக்கு, டிஸ்க் பிதுங்கியிருக்கு". அன்னைக்கு ராத்திரியில இருந்து அந்த மனுஷன் உடைஞ்ச பானை மாதிரி தன்னையே பார்த்துப் பார்த்து நடப்பார். ஜப்பான்ல கழுத்துல எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தாங்க. 2015ல வெளிவந்தது. 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு. வலியே இல்லாதவங்களுக்கு! தலைமுடி நரைக்கிறதைத் தேய்மானம்னு யாராவது சொல்றாங்களா?

*

சரி, திட்டறது போதும். என்னதான் பண்ணணும்னு கேட்கறவங்களுக்கு.

டென்மார்க்ல 2011ல ஒரு ஆய்வு. கழுத்து, தோள் வலி அடிக்கடி வர்ற 198 அலுவலக ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள். நம்மள மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்கற ஜனங்க. மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு ரப்பர் பட்டையைப் பிடிச்சுக் கையைப் பக்கவாட்டுல தூக்குற ஒரே ஒரு பயிற்சியை தினம் 2 நிமிஷம் பண்ணணும். இன்னொரு குழு அதையே 12 நிமிஷம். வாரம் 5 நாள், 10 வாரம். மூணாவது குழுவுக்கு ஆரோக்கியத் தகவல்களை மட்டும் வாரா வாரம் அனுப்பினாங்க. அதாவது ஃபார்வர்ட் மெசேஜ் குழு :-)

10 மார்க் வலி அளவுகோல்ல, அந்தத் தகவல் குழுவோட ஒப்பிட்டா 2 நிமிஷக்காரங்களுக்கு 1.4 குறைஞ்சது. 12 நிமிஷக்காரங்களுக்கு 1.9. ஆறு மடங்கு நேரம் செலவு பண்ணினவங்களுக்குக் கூடுதலாக் கிடைச்சது அரை மார்க். வலி மாயமா மறைஞ்சிடலை, அதையும் சொல்லணும். ஆனா வெறும் ரெண்டு நிமிஷத்துக்கு இது லாபம்தான். அந்தப் பயிற்சியில தோரணையைத் திருத்துற விஷயமே கிடையாது. தோளுக்கு வேலை கொடுத்தாங்க. அவ்வளவுதான்.

"தோள் வலி நீங்க 21 பயிற்சிகள்"னு பட்டியல் போடறவங்க மேல எனக்கு இருக்கிற கோபமும் இதுதான். இருபத்தோரு பயிற்சியை எவன் பண்ணுவான்? முதல் நாள் பதினொண்ணு, ரெண்டாம் நாள் அஞ்சு, மூணாம் நாள் மறுபடியும் ஃபார்வர்ட். அதுலயும் பாதி, கழுத்தை அப்படி இழு, இப்படி இழுங்கிற வகை. இழுத்தா அந்த நேரத்துக்குச் சுகமா இருக்கும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா சோர்ந்து போற தசைக்குத் தேவை பலம். அது பாரம் தூக்கினாத்தான் வரும்.

நான் பண்றது நாலே நாலு. ஜிம் வேண்டாம்.

முதலாவது, பக்கவாட்டுத் தூக்கல். அரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, கைக்கு ஒண்ணு. நின்னுக்கிட்டு, முழங்கையை லேசா மடக்கி, ரெண்டு கையையும் பக்கவாட்டுல தோள் உயரம் வரைக்கும் தூக்குங்க. நேர் பக்கவாட்டுல வேண்டாம், கொஞ்சம் முன்பக்கமா, பெரிய அண்டாவைக் கட்டிப் பிடிக்கப் போற மாதிரி. இறக்கும்போது மெதுவா. தோள் காதுப் பக்கம் ஏறாமப் பார்த்துக்கங்க. கை சோர்ற வரைக்கும், அதிகபட்சம் ரெண்டு நிமிஷம். சுலபமாயிடுச்சுன்னா ஒரு லிட்டர் பாட்டில்.

ரெண்டாவது, கிணத்துத் தண்ணி. ஒரு கையை நாற்காலியில ஊன்றிக் குனிஞ்சு நில்லுங்க. ஆமா, குனியணும்! இன்னொரு கையில 2, 3 கிலோ அரிசி போட்ட துணிப்பை. முழங்கை பின்னால போற மாதிரி பையை இடுப்பு வரைக்கும் இழுத்து மெதுவா இறக்குங்க. தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டு பக்கமா நகர்றது தெரியும். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னெண்டு தடவை.

மூணாவது, சுவர்த் தண்டால். சுவத்துல இருந்து ரெண்டடி தள்ளி நின்னு, ரெண்டு உள்ளங்கையையும் சுவத்துல வெச்சு, நெஞ்சைச் சுவர்கிட்ட கொண்டு போய்த் திரும்பித் தள்ளணும். கை நீண்டு முடிஞ்சதுக்கு அப்புறமும் இன்னும் ஒரு விரற்கடை தள்ளுங்க. அந்தக் கடைசித் தள்ளல்ல தோள்பட்டை எலும்பை விலாவோட சேர்த்துப் பிடிக்கிற தசை வேலை செய்யும். இதுவும் பத்துப் பன்னெண்டு தடவை.

நாலாவது, கழுத்து. நெத்தியில உள்ளங்கையை வெச்சு, தலையால கையைத் தள்ளுங்க, கை விட்டுக்கொடுக்காம நிக்கணும். தலை அசையக் கூடாது. பத்து எண்ணுற வரைக்கும். அப்புறம் பின்னந்தலை, இடது, வலது. முழு பலத்துல முட்டாதீங்க, பாதி பலம் போதும். மூச்சை அடக்கக் கூடாது. இரத்தக் கொதிப்பு இருக்கிறவங்க அதை முக்கியமாக் கவனிக்கணும்.

நடுவுல இருக்கிற ரெண்டையும் ரெண்டு மூணு சுத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தோள் தூக்கல் மட்டும் தினம்னாலும் சரி. பண்ணும்போது லேசா வலிச்சா பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில வலி முந்தினதைவிட மோசமா இருந்தா பாரத்தைக் குறைங்க. எட்டு, பத்து வாரம் பொறுமை வேணும். நாலு நாள் பண்ணிட்டு "ஒண்ணும் வேலைக்காகலை பாஸ்"னு வராதீங்க.

*

இப்போ அக்கா கதையோட மீதி.

ஒரு வருஷம் போச்சு. தீபாவளிக்குப் போயிருந்தேன். அக்கா ஜடையைப் பின்னால கொண்டு போய்க் கட்ட முடியாம, அவங்க மாமியாரைக் கட்டி விடச் சொல்லி உட்கார்ந்திருந்தாங்க. 75 வயசு மாமியார், 52 வயசு மருமகளுக்கு. எனக்கு என்னவோ சரியாப் படலை. ஊருக்குக் கூட்டிட்டு வந்து வேற ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் செல்போனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, முன்கையை வெளிப்பக்கமாத் திருப்பச் சொன்னார். வலது கை திரும்புச்சு. இடது கை கொஞ்சம்கூடத் திரும்பலை. அவரே பிடிச்சுத் திருப்பிப் பார்த்தார், அப்பவும் திரும்பலை. "சுகர் எப்போ பார்த்தீங்கம்மா?"ன்னு கேட்டார். அக்கா பார்த்ததே இல்லை.

உறைந்த தோள். தோள் மூட்டைச் சுத்தியிருக்கிற உறை தடிச்சு இறுகிப் போறது. 40லேர்ந்து 60 வயசுக்குள்ள அதிகம் வரும், பெண்களுக்குக் கூடுதல், சர்க்கரை இருக்கிறவங்களுக்குப் பல மடங்கு கூடுதல். அக்காவுக்குச் சர்க்கரை இருந்துச்சு. எத்தனை வருஷமாவோ, யாருக்குத் தெரியும்? 2023ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு கணக்கு சொல்லுது. இவ்வளவு பேர் இருக்கிற நாட்டுல, அம்பது வயசு அம்மா தோள் வலின்னு வந்தா முதல் கேள்வி போனைப் பத்தியா இருக்கணும்?

உறைந்த தோள் வலி, இறுக்கம், இளக்கம்னு மூணு கட்டமாப் போகும். மொத்தமா ஒண்ணுலேர்ந்து மூணு வருஷம்கூட ஆகலாம். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டு வலியைக் குறைக்கலாம். சர்க்கரைக்காரங்களுக்கு அந்த ஊசிக்கு அப்புறம் சில நாள் சர்க்கரை ஏறும், கவனிக்கணும். அளவான பயிற்சியும் உண்டு. மேல நான் சொன்ன நாலும் இதுக்கு ஆகாது, பிசியோதெரபிஸ்ட் சொல்றபடிதான். அக்காவுக்கு அந்த ஆரம்பக் கட்டம், வலி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த அந்த மாசங்கள், பெல்ட் மாட்டிக்கிட்டும் போனைக் குறைச்சுக்கிட்டும் போயிடுச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு இன்னமும் உறுத்துறது ஒண்ணுதான். நாங்க சொன்னதை அக்கா நம்பினாங்க. "நான்தான் போனைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்துக்கிட்டேன்"னு டாக்டர்கிட்டயே சொன்னாங்க.

அதனாலதான் தோரணை உபதேசத்து மேல எனக்கு இவ்வளவு கடுப்பு. அது வெறும் தப்புத் தகவல்னா போய்த் தொலையட்டும்னு விடலாம். அது வலிக்கிற ஆளையே குற்றவாளியாக்கி, மேற்கொண்டு யாரும் யோசிக்க விடாமப் பண்ணுது. பையனுக்கு வலிச்சா போன். பொண்டாட்டிக்கு வலிச்சா போன். சொல்றவருக்கே வலிச்சா மட்டும் "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி".

எப்போ டாக்டரைப் பார்த்தே ஆகணும்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. கையை இன்னொருத்தர் பிடிச்சுத் திருப்பினாலும் திரும்பலைன்னா. வலி கை வழியா இறங்கி விரல் மரத்துப் போனா, பிடி தளர்ந்தா. சட்டை பட்டன் போட விரல் தடுமாறினா, நடை தள்ளாடினா உடனே. விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலின்னா. காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ கூட இருந்தா. இடது தோள், கை, தாடைன்னு வலியோட நெஞ்சு அழுத்தி வேர்த்துக் கொட்டினா நேரா அவசர சிகிச்சைக்கு, அது தோள் சமாசாரமே இல்லை.

"அப்போ நான் என் பையனை எப்படி உட்காரச் சொல்றது?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். எப்படி வேணா உட்காரட்டும், ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார விடாதீங்க. சாயங்காலம் பந்தைக் கொடுத்து வெளியே துரத்துங்க. போனைக் குறைக்கணும்னா தூக்கம், படிப்பு, கண்ணுன்னு நேர்மையான காரணங்கள் நிறைய இருக்கு. இல்லாத கொம்பைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

அக்கா இப்போ ஜடையைத் தானே கட்டிக்கிறாங்க. முழுசா இல்லை, முக்கால்வாசி கை போகுது. சர்க்கரை மாத்திரை ஓடுது. ராத்திரி ஒன்பதரைக்குப் பெங்களூருக்கு வீடியோ கால், தினம். எத்தனை டிகிரி குனிஞ்சு பேசறாங்கன்னு வீட்ல யாரும் கேட்கறதில்லை. கேட்டா நான் இருக்கேன்.

டிஸ்கி 1: இதை மொத்தமும் நான் போன்லயே தட்டச்சினேன், சோபாவுல கூன் போட்டு உட்கார்ந்து. நடுவுல ஒன்பது தடவை எழுந்தேன், அதுல நாலு தடவை காபிக்கு.

டிஸ்கி 2: அஞ்சு தலைப் படம் அடுத்த தடவை உங்க குழுமத்துக்கு வந்தா, "சுகர் பார்த்தீங்களா?"ன்னு மட்டும் பதில் போடுங்க. யாராவது ஒரு அக்கா அதைப் படிப்பாங்க.